தம்பி நிறுத்திய ரயில்

என் தம்பி ரயில் ஓட்டுநராக இருந்தான். ஒரு பங்குனி மாதக் காலையில், விருதுநகர்ப் பக்கமிருந்து மதுரைக்கு அவன் ஓட்டிவந்த பயணிகள் வண்டியில் ஒரு பெண் அடிபட்டு இறந்துபோனார். அது நடந்த மூன்றாவது வாரம் அவன் என் வீட்டுக்கு வந்தான். தோளில் ஒரு பை, கையில் கயிறு கட்டிய ஓர் அட்டைப்பெட்டி. ஆட்டோவிலிருந்து அவனுக்குப் பின்னால் இறங்கிய அவன் மனைவி வாசலிலேயே நின்று சொன்னாள்.

“மதினி, கொஞ்சநாள் இங்க இருக்கட்டும். அங்க ஒவ்வொரு ஹாரனுக்கும் எந்திரிச்சு உக்காந்துக்கிறாக. நானும் பிள்ளையும் வாரா வாரம் வந்து பாத்துக்கிறோம்.”

அவர்கள் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் தண்டவாளத்தை ஒட்டியது. என் வீடு கீழக்குயில்குடி போகிற சாலையில் இருக்கிறது. ரயில் சத்தம் இந்தப் பக்கம் எட்டாது. காளவாசலிலிருந்து வரும் டவுன் பஸ், மலைப்பக்கம் அகவுகிற மயில், இவைதான் இங்கே சத்தம். என் கணவருக்குத் திருப்பூரில் மில் வேலை, மாதம் இரண்டு தடவை வருவார். மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மாடி அறையில் தம்பியைத் தங்கவைத்தேன்.

முதல் பத்து நாள் அவன் கீழேயே இறங்கவில்லை. சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால் பாதியைத் தின்றுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பான். என்ன நடந்தது என்று நானாகக் கேட்கவில்லை. அவனே துண்டு துண்டாகச் சொன்னான். துணி காயப்போடும்போது கொஞ்சம், காபி குடிக்கும்போது கொஞ்சம். அந்தப் பெண் தலையில் புல்லுக்கட்டோடு கண்மாய்க் கரையிலிருந்து இறங்கியிருக்கிறார். வளைவு திரும்பியதும் இவன் பார்த்துவிட்டான். ஹாரனை விடாமல் அடித்திருக்கிறான். எமர்ஜென்சி பிரேக்கைப் போட்டிருக்கிறான். ஓடுகிற வேகத்தில் அத்தனை கனமான வண்டி, பிரேக் போட்ட இடத்துக்கும் நிற்கிற இடத்துக்கும் நடுவே அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். அந்தப் பெண் இருந்ததோ அதில் பாதித் தூரத்தில்கூட இல்லை.

“கடைசில திரும்பிப் பாத்துச்சுக்கா” என்றான் ஒருநாள். “வண்டிய இல்ல. என்னைய.”

காபி ஆறுகிறது, குடி என்றேன்.

அவன் கொண்டுவந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு பொம்மை ரயில் இருந்தது. பொம்மை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். மாடல் என்றுதான் சொல்ல வேண்டும். பயிற்சிக் காலத்தில் வடக்கே இருந்தபோது வாங்கியது. என் உள்ளங்கையில் அடங்குகிற அகலத்தில் ஒரு டீசல் இன்ஜின், நான்கு பெட்டிகள், வளைந்த தண்டவாளத் துண்டுகள், வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு வைத்த ஒரு கன்ட்ரோலர். குவார்ட்டர்ஸில் பரப்பி ஓட்ட இடமில்லாமல் பத்து வருடம் பீரோ மேல் கிடந்திருக்கிறது. “இதையும் எடுத்துக்கிட்டுப் போங்க, கை சும்மா இருக்க வேணாம்” என்று பெட்டியை இறக்கிக் கொடுத்தது அவன் மனைவிதான்.

சித்திரை பிறந்த அன்று அவனே கேட்டான். “அக்கா, பெரிய பிளைவுட் பலகை ஒண்ணு கிடைக்குமா?”

மறுநாளே தச்சரைக் கூட்டிவந்தேன். எட்டடிக்கு நாலடிப் பலகை, இடுப்பு உயரத்துக்குச் சட்டம். அறைக்குள் மேசையை நிறுத்தியதும் கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ள வேண்டியிருந்தது. மதுரை வெயிலில் அந்த அறை அடுப்பு மாதிரி இருக்கும். காற்றாடி போட்டால் அளவெடுத்த காகிதங்கள் பறக்கும், நிறுத்தினால் வியர்வை காகிதத்தில் சொட்டும். அவன் நிறுத்திவிட்டுத்தான் வேலை செய்தான்.

வயரிங்குக்கு என்னைக் கூப்பிட்டான். தல்லாகுளம் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பெண்களுக்கு வயரிங் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. இருபது வருடமாக வீட்டு வயரிங், மோட்டார் வயரிங் எல்லாம் பார்த்தவள் இந்தப் பன்னிரண்டு வோல்ட் சமாச்சாரத்தை லேசாக நினைத்துவிட்டேன். கன்ட்ரோலரிலிருந்து இரண்டு வயரைக் கொண்டுபோய்த் தண்டவாளத்தில் ஓர் இடத்தில் கொடுத்தோம். இன்ஜின் அந்த இடத்துக்கு அருகில் நன்றாக ஓடியது. எதிர்ப்பக்கம் போகப்போகக் கிழவர் மாதிரி நடந்தது. அப்புறம் நின்றே விட்டது.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக மின்னழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. பலகைக்கு அடியில் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, தடிமனான இரண்டு வயர்களைச் சுற்றிலும் ஓட்டி, இரண்டடிக்கு ஓர் இடத்தில் சிறிய வயர் எடுத்து, பலகையைத் துளைத்து மேலே கொண்டுவந்து தண்டவாளத்தில் பற்றவைத்தேன். நான் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு வயரை மேலே தள்ளுவேன். அவன் இழுத்துப் பிடித்து “வந்துருச்சு” என்பான். ஈயம் உருகுகிற வாசனையும் பலகைத் தூளும் தலைமுடியில் ஏறிக்கொள்ளும். நிலையத்தில் பிள்ளைகள், “மிஸ், தலையில மரத்தூள்” என்று சிரிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு வட்டமும் தடங்கலில்லாமல் ஓடியது. அன்றைக்குத்தான் அவன் சிரித்துப் பார்த்தேன். நானும் அவனும் கைதட்டினோம். அவன் மனைவியும் மகளும் வந்திருந்தார்கள். ஆறு வயதுக் குழந்தை, “அப்பா, டிக்கெட் குடு” என்று கை நீட்டியது. காலண்டர் தாளைக் கிழித்து எல்லோருக்கும் டிக்கெட் எழுதிக் கொடுத்தான். கீழே வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். அவன் மனைவி அடுப்படிக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அந்த நாளை இப்போது நினைத்தாலும் மனம் கொஞ்சம் இளகுகிறது.

அப்புறம் பலகையில் ஊர் எழும்பியது. டிவி வந்த பெட்டியின் தெர்மோகோலில் குன்று செதுக்கினான். தேங்காய் நாரைப் பச்சைச் சாயத்தில் நனைத்துக் காயவைத்து சீமைக்கருவேலம் செய்தான். ஒரு பக்கம் கண்மாய்க் கரை, அதன் சரிவில் ஒற்றையடிப் பாதை. பாதை தண்டவாளத்தைத் தொடுகிற இடத்தில் விளக்குமாற்றுக் குச்சியில் இரண்டு பனைமரங்கள். ஓலைக்குப் பதிலாகக் காகிதத்தைக் கத்தரித்து விசிறி மாதிரி விரித்திருந்தான். ஒன்று நேராக நின்றது. இன்னொன்றைச் சாய்த்து ஒட்டியிருந்தான். “இது ஏண்டா கோணலா இருக்கு?” என்றேன். “அது அப்படித்தான் இருக்கும்” என்றான். நான் மேற்கொண்டு யோசிக்கவில்லை. நம் பக்கத்தில் எந்த ஊரில் கண்மாயும் பனையும் இல்லை?

வைகாசி நடுவில் ஒருநாள் சொன்னான். “அக்கா, இங்கேயிருந்து இதுவரைக்கும் தனி செக்ஷனாப் பிரிச்சுத் தர்றியா? பட்டனை அமுக்குனா இந்தத் துண்டுல மட்டும் கரண்ட் நிக்கணும்.”

விரலால் காட்டிய இடம் பனைமரங்களுக்குச் சற்று முன்னால்.

“இங்க எதுக்கு? ஸ்டேஷனும் இல்ல, சிக்னலும் இல்ல.”

“இருக்கட்டும்க்கா.”

ஒரு பக்கத் தண்டவாளத்தை இரண்டு இடத்தில் அறுத்து, இடைவெளியில் பிளாஸ்டிக் இணைப்பு வைத்து, நடுத்துண்டுக்குத் தனி வயர் போட்டுப் பட்டன் வழியாகக் கொண்டுபோனேன். அரை மணி நேர வேலை. முடித்துவிட்டு, “பாத்துக்க, உன் இஷ்டப்படி நிக்கும்” என்று பெருமையாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து வேலையிலிருந்து சீக்கிரம் வந்தேன். மாடிப்படி ஏறும்போதே இன்ஜின் உறுமுகிற சின்னச் சத்தம் கேட்டது. கதவு திறந்திருந்தது. ரயில் வளைவு திரும்பியது. அவன் பட்டனை அமுக்கினான். பனைக்கு முன்னால் வண்டி சட்டென்று நின்றது. அவன் அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பட்டனை விட்டான். வண்டி ஒரு சுற்று போய் வந்தது. திரும்ப அமுக்கினான். திரும்ப நின்றது. ஏழெட்டுத் தடவை அதைப் பார்த்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். அப்போதுதான் எனக்கு அந்தக் கோணல் பனை விளங்கியது.

“அந்த இடமாடா இது?”

திடுக்கிட்டுத் திரும்பினான். மறைக்கவில்லை. “ஆமா” என்றான். பிறகு மீட்டர் டேப்பை எடுத்தான். “இதோட அளவுக்குக் கணக்குப் போட்டுப் பாத்தேன்க்கா. நிசமாவே வண்டி நிக்கிற மாதிரி நிப்பாட்டணும்னா இந்த ரூம் பத்தாது. சுவத்தை இடிச்சிட்டு மொட்டைமாடி வரைக்கும் தண்டவாளம் போடணும். பொய்யா நிப்பாட்டுனாத்தான் இதுக்குள்ள நிக்குது.”

நான் அவன் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தேன். “உன் மேல தப்பில்லன்னு விசாரணைல எழுதிக் குடுத்துட்டாங்கல்ல?” என்றேன்.

“எழுதிக் குடுத்துட்டாங்க” என்றான். “அந்த வீட்டுக்கு ஒருதடவ போகணும்க்கா. நீ வாறியா?”

அடுத்த ஞாயிறு என் ஸ்கூட்டரில் போனோம். அவன் பின்னால் உட்கார்ந்து வந்தான். நாற்கரச் சாலையிலிருந்து பிரிந்து, பருத்திக்காட்டுக்கு நடுவே போகும் சிறிய ஊர். விசாரித்துக்கொண்டு போனதால் நாங்கள் சேரும் முன்பே செய்தி போய்விட்டது. ஓட்டு வீட்டு வாசலில் அந்தப் பெண்ணின் கணவர் நின்றிருந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர். பக்கத்தில் கல்லூரிக்குப் போகிற வயதில் ஒரு மகள்.

நான்தான் சொன்னேன். “அன்னைக்கு வண்டி ஓட்டிட்டு வந்தது என் தம்பிதாண்ணே. உங்களப் பாக்கணும்னான்.”

அவர் உள்ளே போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். அந்தப் பிள்ளை சொம்பில் தண்ணீர் கொடுத்தது. கட்டுத்தறியில் ஒரு பசுவும் கன்றும் நின்றன. அந்தப் புல்லுக்கட்டு இவற்றுக்குத்தான் போய்க்கொண்டிருந்திருக்கும்.

மகள்தான் முதலில் கேட்டது. “ஹாரன் அடிச்சீகளாண்ணே?”

“அடிச்சேம்மா. கைய எடுக்கவே இல்ல.”

“அம்மாவுக்கு ஒரு காது கேக்காது” என்றது அந்தப் பிள்ளை. யாரையும் குற்றம் சொல்கிற குரலில் இல்லை. “அந்தப் பக்கந்தான் நீங்க வந்திருக்கீக.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கணவர் கேட்டார். “தம்பி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவ பாத்தாளா? வண்டி வாரது அவளுக்குத் தெரிஞ்சிச்சா?”

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் நிமிர்ந்து நேராக அவர் முகத்தைப் பார்த்தான்.

“இல்லங்கய்யா. திரும்பவே இல்ல. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.”

அவர் பெருமூச்சு விட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். கிளம்பும்போது தம்பியின் தோளில் கை வைத்து, “போய்ட்டு வாங்க. வந்தது நல்லதுதான்” என்றார்.

திரும்பும் வழியில் சாலையோரம் இளநீர்க் கடையில் வண்டியை நிறுத்தினேன். அவன் வாங்கிய இளநீரைக் குடிக்காமலே வைத்திருந்தான். “பொய் சொல்லிட்டேன்க்கா. தப்பா?”

“தப்பில்லடா. அந்த மனுசன் இனிமேத்தான் தூங்குவாரு” என்றேன்.

அதைச் சொன்னபோது, இனிமேல் இவனும் தூங்குவான் என்று நினைத்தேன். நடந்தது வேறு என்று இப்போது படுகிறது. அதுவரை, அந்தப் பெண் கடைசியாக அவனைப் பார்த்த பார்வையை யாரோடாவது பங்கிட்டுக்கொள்ள ஒரு வழி இருந்தது. அவர் வீட்டு வாசலில் அதையும் அடைத்துவிட்டு வந்துவிட்டான். எனக்கு அன்று அது புரியவில்லை. அவன் முகம் தெளிந்திருந்ததைத்தான் பார்த்தேன். தெளிந்துதான் இருந்தது. பட்டனைத் தொடுவதையே விட்டுவிட்டான். வண்டியைச் சுற்றவிட்டுவிட்டு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆனி மாதம் ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டர் வரச் சொல்லியிருந்தார். அவர் தகுதி என்று எழுதிக் கொடுத்தால்தான் திரும்ப வண்டி ஏற முடியும். வீட்டார் யாராவது கூட வர வேண்டும் என்றதால் நானும் அவன் மனைவியும் போனோம். போவதற்கு முன் அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“மதினி, இன்னும் கொஞ்சநாள் போகட்டுமே. அவுக நல்லா இருக்க மாதிரிதான் தெரியுது. ஆனா ஹாரன் சத்தம் கேட்டா கை விரைச்சுப் போகுது. நேத்து வீட்டுக்கு வந்திருந்தாகள்ல, பாத்தேன்.”

“வேலைக்குப் போனாத்தான் அதெல்லாம் சரியாகும். வீட்டுலயே உக்காந்தா மனசு இன்னும் கெட்டுப்போகும்” என்றேன்.

டாக்டர் பொறுமையான மனிதர். வீட்டில் எப்படி இருக்கிறார் என்று எங்களிடம் கேட்டார். அவன் மனைவி வாய் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். “நல்லா இருக்கான் சார். வீட்டுல மாடல் ரயில் செஞ்சு அவனே ஓட்டுறான். பயமெல்லாம் போயிருச்சு.” பனைமரங்களைப் பற்றியும் பட்டனைப் பற்றியும் சொல்லவில்லை. அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கைப்பையைப் பார்த்துக்கொண்டாள். தம்பியும், “நல்லா இருக்கேன் சார்” என்றான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அவன் நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பாதி உண்மை. மீதி, நான் போட்ட வயரிங்கில் என் தம்பி குணமாகிவிட்டான் என்று நம்ப எனக்கு ஆசையாக இருந்தது. சொந்தக்காரர்களிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆடி பிறந்ததும் குவார்ட்டர்ஸுக்கே போய் வேலைக்குத் திரும்பினான். முதல் நாள் வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு எனக்குப் போன் செய்தான். “போயிட்டு வந்துட்டேன்க்கா” என்றான். நான் அடுப்படியில் நின்றபடியே அழுதேன்.

நான்கு மாதம் ஓட்டினான். கார்த்திகையில், மழை விட்ட ஒரு முற்பகல், திண்டுக்கல் பக்கமிருந்து வரும்போது ஓர் ஆட்டு மந்தை தண்டவாளத்தைக் கடந்தது. நல்ல தூரம் இருந்தது. ஆடு மேய்ப்பவர் கையை ஆட்டிவிட்டு மந்தையை விரட்டிக் கடத்திவிட்டார். ஒரு குட்டிக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. தம்பி பிரேக்கைப் போட்டான், வண்டி நின்றது. பாதை வெறுமையாகக் கிடந்தது. கிளம்பலாம் என்று உதவி ஓட்டுநர் சொல்லியிருக்கிறார். தம்பியின் கை பிரேக் பிடியை விடவில்லை. விடு என்று அவனே தன் கையிடம் சொல்லியிருக்கிறான். விரல்கள் திறக்கவில்லை. கடைசியில் அந்த உதவி ஓட்டுநர் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்திருக்கிறார். அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் அவரே வண்டியை மெதுவாக நகர்த்திக் கொண்டுவந்தார். இதையெல்லாம் தம்பி என்னிடம் சொல்லவில்லை. அவர் வீடு தேடி வந்து அவன் மனைவியிடம் சொல்லி, அவள் எனக்குச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, “அன்னைக்கே சொன்னேன் மதினி” என்றாள். அப்புறம் இரண்டு மாதம் அவள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அதோடு அவன் இன்ஜினில் ஏறுவது முடிந்தது. ஸ்டேஷனிலேயே ஓர் அலுவலகத்தில் மேசை வேலை கொடுத்தார்கள். எந்த ஓட்டுநர் எந்த வண்டிக்கு என்று எழுதுகிற வேலை. காலையில் போய் மாலையில் வருகிறான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவானாம். கல்யாணம் காட்சிக்கு வெளியூர் போனாலும் பஸ்ஸில்தான் போகிறான்.

போன வருடம் என் மகள் படிப்பு முடித்து வேலையோடு வீட்டுக்கே வந்தாள். வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டரில் செய்கிற வேலை. ரயில் மேசை நிற்கிற அந்த மாடி அறை வேண்டும். அவள் கேட்கத் தயங்கினாள், நானும் தம்பியிடம் சொல்லத் தயங்கினேன். கடைசியில் போனில் சொன்னேன். “ஞாயித்துக்கிழம வாரேன்க்கா, பிரிச்சிருவோம்” என்றான் சாதாரணமாக.

வந்தான். மேசைக்கு மேலே அவன் ரயில் பெட்டிகளைத் துணியால் துடைத்து ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றினான். நான் அடியில் படுத்து வயர்களைக் கழற்றினேன். நான் வைத்த ஈயப் பற்றுகள் அத்தனை உறுதியாக இருந்தன. ஒவ்வொன்றையும் சூடாக்கி உருக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவன் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவனுக்குத் தெரியாது. அந்த வசதியில்தான் என்னால் சொல்ல முடிந்தது.

“டாக்டர்கிட்ட நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா. என்னாலதான் நீ திரும்பப் போன.”

மேலே காகிதச் சத்தம் நின்றது.

“நீ சொல்லலன்னாலும் போயிருப்பேன்க்கா. அது இல்லாம எனக்கு வேற என்ன தெரியும்?”

பிறகு, “அந்த நாலு மாசமும் நல்லாத்தான் ஓட்டுனேன்” என்றான்.

என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொருவரைத் தேற்றுவதற்கு அவன் எவ்வளவு நிதானமாகப் பொய் சொல்வான் என்பதை நேரில் பார்த்தவள் நான். அதனால் அவன் சொன்னதை நம்ப முடியவில்லை. அடுத்த பற்றைச் சூடாக்க ஆரம்பித்தேன்.

மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. அவன் மனைவியும் மகளும் சாப்பிட வந்திருந்தார்கள். இப்போது எங்களுக்குள் பழையபடி பேச்சு இருக்கிறது. ஆனால் என் தம்பியைப் பற்றி நான் எந்த யோசனை சொன்னாலும் அவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள், அவ்வளவுதான். அவள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் இருப்பேன். சாப்பாடு முடிந்து தம்பி மேலே போய், தரையில் கிடந்த தெர்மோகோல் தூளைக் கூட்டி அள்ளி, என் மகளின் மேசையை அவள் கேட்ட இடத்தில் நகர்த்திப் போட்டுக் கொடுத்தான். சாயங்காலம் மூவரும் காளவாசல் பஸ் ஏறிப் போனார்கள்.